பாண் வாங்கப் போன மகனுக்கு

தம்பி,

கடிதத்தைத் தொடங்கும்போது 'நாங்கள் எல்லோரும் நலம்' என்று எழுதுவது உலக வழக்கம். பொய் எழுதக் கூடாது என்பதற்காக அதைக் கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன். என் வலது கண்ணைத் தவிர நாங்கள் எல்லோரும் நலம். உனக்குக் கலியாணம் முற்றாகிவிட்ட சேதியும் அந்தப் பிள்ளையின் படமும் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர் வவுனியாவிலிருந்து தர்மபுரம் வரைக்கும் படத்தை இடுப்பில் கட்டிய சறத்து மடிப்புக்குள் வைத்திருந்ததால் பிள்ளையின் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. மற்றபடி நல்ல முகவெட்டு. உன் அம்மா படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு வடிவு. இவனுக்கு இப்பிடி ஒண்டு வாய்ச்சதே பெரிசு" என்றாள். பிறகு குசினிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. அடுப்பில் எதுவும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் படத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணால் பார்த்தாலும் முழுவதாகத்தான் தெரிகிறாள். நீ பயப்பட வேண்டாம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன் இந்தப் பக்கத்தில் இயக்கத்துப் பொடியளும் பிரித்துப் படிப்பார்கள், அந்தப் பக்கத்தில் ஆமிக்காரரும் பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்துகொண்டு ஊர்க்கதை எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்ட எனக்கு, என் கதையை நாலு பேர் கேட்கிறார்கள் என்று முறையிட உரிமை இல்லை. அத்தோடு இதில் நான் எழுதப்போகிற ஒரு வாக்குக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. ஆகவே வழியில் படிக்கிற தம்பிமாரே, கடைசி வரைக்கும் படியுங்கள். நடுவில் அலுத்துப்போய் முத்திரையைக் குத்திவிடாதீர்கள்.

கலியாண மண்டபத்தில் வைக்க என் படம் ஒன்று வேண்டும், கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்தால் நல்லது என்று எழுதியிருக்கிறாய். கதிர்ச் சிகிச்சை செய்து என் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள், நீ இருக்கிற நாடென்றால் வழக்கே போட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில் குட்டி எழுத்தில், கண்ணை எடுக்கக் கொழும்புக்கு வந்தால் திரும்பி வன்னிக்குப் போக வேண்டாம், லொட்ஜில் நில்லுங்கோ, நான் அங்கிருந்தே கூப்பிட்டு எடுப்பேன், அம்மாவைப் பிறகு எடுப்பம் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டாள்: "பிறகு எடுக்கிறதுக்கு நான் என்ன, கொடியிலை காயிற சீலையோ?" உனக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நீளமான பதில். ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரு.

இந்தக் கதை தொடங்கியபோது நீ இங்கேதான் இருந்தாய். முதலில் எனக்கு மனிதர்கள் குறையத் தொடங்கினார்கள். நிவாரணச் சாமான் வாங்க நிற்கிற சனத்தில் வலது பக்கத்தில் நிற்பவர்களை எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா, "மனேச்சர் ஐயா, என்னைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்பிறியள்? சீனி தர விருப்பமில்லாட்டி வாயாலை சொல்லுங்கோவன்" என்று சண்டைக்கு வந்தார். திரும்பிய முகம் என்னுடையது அல்ல, கண்ணுக்குள் விழுந்த திரை என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டொக்டர், உள்ளே மச்சம் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி வளர்கிறது, அது புற்றுநோயாக இருக்கலாம், கொழும்புக்குப் போங்கோ என்றார். உன் அம்மா 'மச்சம்' வரைக்கும்தான் கேட்டாள். "கண்ணுக்குள்ளை மச்சமெண்டால் யோகமெல்லோ" என்று பஞ்சாங்கக்காரரைத் தேடிப் போனாள். அவரும் யோகம்தான், வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பயணம் இருந்தது. ஆள்தான் மாறிவிட்டது.

காரணம் கண்டுபிடிக்க ஊரே கூடியது. ஆனையிறவு உப்பளத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தபோது வெயிலில் மின்னுகிற உப்பைப் பார்த்த வினை என்றார்கள் சிலர். ஜாம் போத்தல் விளக்கில் சங்கக்கடைக் கணக்கு எழுதிய வினை என்றார்கள் வேறு சிலர். அம்மாவுக்கு வேறொரு அபிப்பிராயம் இருந்தது: பஸ் தரிப்பிடத்தில் பெண்பிள்ளைகளைப் பார்த்த வினை. இது எதனாலும் வருவதில்லை, யாருக்கும் வரலாம், எப்போதாவது ஒருவருக்குத்தான் வரும் என்று பிறகு கொழும்பு டொக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இவ்வளவு பெரிய தண்டனைக்கு ஒரு சின்னக் குற்றமாவது இருந்திருக்கலாம்.

வன்னியை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் இயக்கத்தின் பாஸ் வேண்டும்; பாஸ் வேண்டுமென்றால் பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் நின்றவர் பதில் சொல்ல வேண்டும். இது நீ மறந்திருக்க முடியாத சட்டம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டு. எனக்கு மட்டுமல்ல, துணைக்கு வந்த உனக்கும் சேர்த்துப் பிணை நின்றவர் அம்மாவின் தம்பி இராசு மாமா. உன் வயதுப் பொடியனுக்கு அப்போது யாரும் பாஸ் கொடுப்பதில்லை. ஒரு கண் தெரியாத தகப்பனைத் தனியே அனுப்பக் கூடாது என்று மாமா நின்று வாதாடித்தான் உனக்குக் கிடைத்தது. என் கண்தான் உன் கடவுச்சீட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த மாமா உன் தோளில் தட்டி, "மருமோன், அத்தானைப் பத்திரமாக் கொண்டுபோய்ப் பத்திரமாக் கொண்டா. ரெண்டு பேரிலை ஒராள் குறைஞ்சாலும் என்னைத்தான் உரிப்பாங்கள்" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவர் பகிடிக்காரர் என்பதால் அதையும் பகிடிக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். வழக்குப் போடுவதென்றால் கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை என்ன சொன்னாள் என்பதற்கு நீயும் ஒரு சாட்சி. எங்கள் இருவரையும் முன்னால் இருத்தி, வெங்காயம் மாதிரி ஒரு கண்ணைக் கீறிக் காட்டிச் சொன்னாள்: "ஐயா, இதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, கண்ணையே எடுக்கிறது. மற்றது, கதிர் வீசுற ஒரு சின்னத் தகட்டைக் கட்டிக்கு நேரே கண்முழிக்கு வெளிப்பக்கமாத் தைச்சுச் சில நாள் வைச்சிருந்திட்டு எடுக்கிறது. உங்கட கட்டியின்ர அளவுக்கு, உயிரைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்டுதான். தகடு வைச்சால் கண் மிஞ்சும். பார்வை மிஞ்சுமோ எண்டு நான் வாக்குத் தர மாட்டன்." ஏன் என்று கேட்டேன். "கதிருக்கு ஆளடையாளம் தெரியாது. கட்டியையும் சுடும், பக்கத்திலை இருக்கிற நல்ல நரம்பையும் இரத்தக் குழாயையும் சுடும். இப்ப தெரியாது. ஒரு வருசம், ரெண்டு வருசம் கழிச்சுத் தெரியும். அதுக்குத்தான் மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்ட வேணும். வெள்ளெனக் கண்டால் சிலதைத் தடுக்கலாம்." ஆளடையாளம் தெரியாமல் நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்துச் சுடுகிற சங்கதி எங்களுக்குப் புதிதில்லை என்பதால் உடனே விளங்கியது. அவள் ஒளித்தது எதுவுமில்லை. கட்டி செத்ததும் உண்மை. நான் உயிரோடிருந்து உனக்கு வசை எழுதுவதும் உண்மை. அவளுக்குப் பூமாலை போட வேண்டும், வழக்கல்ல.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண் இருக்கட்டும் டொக்டர். தகட்டையே வையுங்கோ" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிள்ளைக்கு என் கண்ணில் இவ்வளவு பட்சம் என்று நினைத்தேன். நானும் கண்ணை இழக்க விரும்பவில்லை. அம்மா வடிவென்று ஒத்துக்கொண்ட ஒரே உறுப்பு அது. பிறகுதான், இங்கே தனியாக வந்து படுத்துக் கிடந்த நாட்களில், எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. கண்ணை எடுத்திருந்தால் ஒரு கிழமைக்குள் ஊர் திரும்பியிருப்போம். தகடென்றால் இரண்டு சத்திரசிகிச்சை, நடுவில் காத்திருப்பு, பிறகு கண் ஆறும்வரை கொழும்பில் தங்கல். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்கும் நாள் தேவைப்பட்டிருக்கும். அன்றைக்கு நீ பிடித்த கை என் கண்ணுக்காகவா, உன் நாளுக்காகவா? இதற்குப் பதில் எழுதாதே. 'உங்களுக்காகத்தான்' என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். மற்றதை எழுதினால் தாங்கமாட்டேன்.

தகடு கண்ணில் இருந்த நாட்களில் என்னைத் தனியறையில் போட்டார்கள். ஒரு சட்டைப் பொத்தான் அளவான சாமானுக்கு அவ்வளவு பயம். மிஸ்ஸிமார் மருந்தைத் தந்துவிட்டு ஓடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலுக்கு அப்பால் நிற்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம். ஆயுளில் என்னை இவ்வளவு பேர் எட்ட நின்று மதித்ததில்லை. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டுத் தைத்தது போலிருந்தது. நீ வாசலில் நின்று லொட்ஜுப் புதினங்களைச் சத்தம் போட்டுச் சொல்வாய். புறப்படும்போது ஒவ்வொரு முறையும், "யோசியாதேங்கோ அப்பா, நான் இருக்கிறன்தானே" என்பாய். ஓம், இருந்தாய். வாசலுக்கு அப்பால் இருந்தாய்.

தகட்டை எடுத்துக் கண்ணைக் கட்டி லொட்ஜுக்குக் கொண்டுவந்த பிறகு நீதான் மருந்து விட்டாய். முதல் துளி எப்போதும் கன்னத்தில்தான் விழும். பிள்ளை தகப்பனுக்காகப் பதறுகிறான் என்று அதையும் அன்புக் கணக்கில் எழுதினேன். ஒரு காலையில், "அப்பா, பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்றாய். "சம்பலும் கட்டித் தரச் சொல்லு" என்றேன். மத்தியானமாயிற்று. அந்தக் காலத்தில் கொழும்பில் பாண் வாங்கப் போன தமிழ்ப் பொடியன் மத்தியானம்வரை வராவிட்டால் தகப்பன் எங்கே போய்த் தேட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கட்டுப் போட்ட கண்ணோடு பொலிஸ் வாசலில் போய் நின்றேன். பிடிபட்ட பொடியளின் பெயரை ஒருவன் வாசித்தான். உன் பெயர் வரவில்லை. வராததற்குச் சந்தோசப்படுவதா, பெயரே இல்லாமல் கொண்டுபோய்விட்டார்களா என்று பயப்படுவதா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பொழுது படும் நேரம் லொட்ஜுக்கு ரெலிபோன் வந்தது.

"அப்பா, நான் எயாப்போட்டிலை நிக்கிறன்."

"பாண் வாங்கினியோ?"

"அப்பா, குறை நினையாதேங்கோ. சொன்னால் விடமாட்டியள் எண்டுதான்..."

"சம்பல் கட்டச் சொன்னியோ?"

நீ வைத்துவிட்டாய், அல்லது அறுந்துவிட்டது. லொட்ஜுக்காரர், "மகன் எங்கையாம் ஐயா?" என்று கேட்டார். "பாண் கடையிலை சரியான சனமாம்" என்றேன்.

நீ போனதற்காக நான் கோபிக்கவில்லை, தம்பி. வயதுக்கு வந்த பொடியனை வன்னியில் வைத்திருந்த எந்தத் தகப்பனுக்கும் கோபிக்கும் தகுதி இல்லை. எனக்குச் சொல்லியிருந்தால் உன் சட்டையை நானே மடித்துப் பெட்டியில் வைத்திருப்பேன். ஆனால் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இருந்து முதலில் மாமாவைப் பற்றிக் கதைத்திருக்க வேண்டும். கதைத்திருந்தால் நீ போயிருக்க முடியாது. அதனால்தான் நீ சொல்லவில்லை. என்னிடமிருந்து நீ ஒளித்தது பயணத்தை அல்ல, மாமாவை.

நான் தனியாகத் திரும்பி வந்தேன். மாமா எங்கள் வாசற் படலையில் நின்றார். எனக்குப் பின்னால் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்டுதானோ?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த கிழமை அவரைப் பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள். மழை தொடங்கும் காலத்தில் போனவர் தைப்பொங்கல் முடிந்துதான் வந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அந்தக் கையை விரித்துக் காட்டி, "அத்தான், உங்கட மோன்ர கெட்டித்தனத்துக்குக் கை தட்ட ஆசைதான். ஏலாமல் கிடக்கு" என்றார். அதைவிடப் பெரிய தண்டனை வேறு. அவருடைய ஒரே மகள் வசந்தி, உன் மச்சாள், கலியாணம் முடித்து அந்தப் பக்கத்தில், பூவரசங்குளத்தில் இருக்கிறாள் அல்லவா? அந்த மாசியில் அவளுக்குப் பிள்ளைப்பேறு. தாயில்லாத பிள்ளை, தகப்பன் போய் நிற்பதாக இருந்தது. ஓடினவனுக்குப் பிணை நின்றவருக்குப் பாஸ் இல்லை என்றுவிட்டார்கள். பேரன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மாமா இன்னும் அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளில் விடியப் புறப்பட்டால் பின்னேரம் போய்ச் சேரக்கூடிய தூரம். நீ கண்டம் தாண்டிப் போனாய். அவரால் பூவரசங்குளம் போக முடியவில்லை.

ஊருக்கு நான் வேடிக்கைப் பொருளானேன். கதிர்ச் சிகிச்சையை இங்கே 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதானே சொல்கிறார்கள். கரண்ட் என்பதைக் கண்டு வருடக் கணக்கான ஊரில் கரண்ட் பிடித்த ஒரே ஆள் நான். "மனேச்சர் ஐயா, இருட்டினாப் பிறகு எங்கட பக்கம் ஒருக்கா நடந்துபோங்கோ, விளக்கு எண்ணெய் மிச்சம்" என்பார்கள். செல்லம்மாக்கா தன் பிள்ளைத்தாய்ச்சி மகளை எங்கள் வீட்டைக் கடந்து விடாமல் பின் ஒழுங்கையால் கொண்டுபோனார். தகட்டை எடுத்தவுடனே கதிரும் போய்விட்டது, என்னிடம் ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணினேன். "உங்களிலை ஒண்டுமில்லை எண்டு எங்களுக்கு முந்தியே தெரியும்" என்று உன் அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தட்டையும் பேணியையும் வேறாகக் கழுவி வைத்தாள்.

முதல் வருடம் கண் நல்லாயிருந்தது. தகடு வைத்த பக்கத்தில் இமைமயிர் கொட்டியது. கண் காய்ந்து உறுத்தியது. கொஞ்ச நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உன் அம்மா இரண்டு பேர் வந்து பேசினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார். அதுவும் மாறியது. பிறகு டொக்டர் பிள்ளை சொன்ன கதிரின் பின்வேலை தொடங்கியது. சங்கக்கடைக் கதவின் நேர்ச் சட்டம் நடுவில் வளைந்தது. பிறகு நடுப்பகுதியில் ஒரு புகை. யாருடைய முகத்தைப் பார்க்கிறேனோ அந்த முகம் மட்டும் தெரியாது. சுற்றிவரக் காது, தலைமயிர், தோள் எல்லாம் தெரியும். காட்ட வேண்டிய மாதங்களில் எல்லாம் பாஸுக்குப் போனேன். அங்கே இருந்த பொடியன் மரியாதையானவன். "ஐயா, போனமுறை ரெண்டு பேர் போய் ஒராள்தானே வந்தனீங்கள். மற்றாள் வரட்டும், பிறகு பாப்பம்" என்றான். "மற்றாள் வாறதுக்குள்ளை என்ர கண் போயிடும் தம்பி" என்றேன். "அதை மற்றாளுக்கெல்லோ சொல்ல வேணும்" என்றான். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாமல் வீட்டுக்கு வந்தேன். பிறகு ஒரு நாள் உள்ளே இரத்தம் கசிந்து கண் சிவப்பாகி, சிவப்பு மண்ணிறமாகி, ஒரு கிழமையில் விளக்கு அணைந்தது.

கதிர் எடுத்தது எவ்வளவு, நீ எடுத்தது எவ்வளவு? இதைத்தான் நீ கேட்கப் பயந்து டொக்டரின் மேல் வழக்குப் போடுகிறாய். எனக்கும் தெரியாது. ஒழுங்காகப் போய்க் காட்டியிருந்தாலும் பார்வை போயிருக்கலாம். அவள் அப்படித்தான் சொன்னாள். காட்டியிருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அதையும் அவள்தான் சொன்னாள். முழுப் பழியும் உன்னுடையது என்றால் எனக்கு நிம்மதியாகத் திட்ட வசதியாக இருக்கும். உன் பழி ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். இரண்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

பார்வை போனதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். இப்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, குருட்டுக் கண்ணே வலிக்கிறது. அரைப் பக்கத் தலையை யாரோ பாக்குவெட்டியில் வைத்து நெரிப்பது போல வரும், வாந்தி வரும். ஒரு கண்ணுக்குக் கிட்ட எது, எட்ட எது என்று தெரிவதில்லை. போன மாதம் சங்கக்கடையில் வலியோடு மண்ணெண்ணெய் ஊற்றினேன். போத்தலின் வாய் இருக்கிற இடமென்று நான் நினைத்த இடத்தில் போத்தல் இல்லை. நின்ற சனம் முழுவதும் ஒரே குரலில் "ஐயோ" என்றது. என் கண் போனபோதுகூட அவ்வளவு பேர் ஐயோ சொல்லவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டொக்டர், இனி இதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை, எடுத்தால் நோவு நிற்கும் என்றார். கறுப்புக் கண்ணாடிக்கு இனி வேலையில்லை, தம்பி. எடுத்த பிறகு, எடுத்த இடம் தெரிய, ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். மண்டபத்தில் வை. சம்பந்தி வீட்டார் கேட்டால், மகனுக்குத் துணையாகக் கொழும்புக்குப் போய்வந்த கண் என்று சொல்லு.

டொக்டரின் துண்டைக் கண்டபிறகு, பிணைக்கு ஆள் நின்றால் இந்த முறை பாஸ் தரலாம் என்றார்கள். கண்ணை எடுக்கப் போக மறுபடியும் பிணை வேண்டும். மாமாவைக் கேட்பதில்லை என்று நானும் அம்மாவும் தீர்மானித்தோம். ஊரைக் கேட்டேன். கேட்ட அன்றே ஊரில் எல்லோருக்கும் வயலில் வேலை வந்தது. செல்லம்மாக்காதான் முகத்துக்கு நேரே சொன்னார்: "ஐயா, உங்களிலை எனக்கு நம்பிக்கை. உங்கட குடும்பத்திலைதான் ஐமிச்சம்." அடுத்த நாள் மாமா சங்கக்கடைக்கு வந்து வெறும் அரிசிச் சாக்கின்மேல் குந்தினார்.

"அத்தான், எங்கை கையெழுத்து?"

"உனக்கு விசரோ?"

"விசர்தான். இல்லாட்டி என்ர அக்காவீட்டுச் சம்பந்தத்தை எப்பவோ விட்டிருப்பன். நீங்கள் மண்ணெண்ணெயை நிலத்துக்குப் பங்கிட்டுக் குடுக்கிறதை இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"நான் வராட்டி?"

"வராட்டிப் போய் வெட்டுவன். இப்ப கை பழகீட்டுது." பிறகு சாக்கில் ஒட்டியிருந்த நெல்லுமணி ஒன்றை நகத்தால் கிளறிக்கொண்டே சொன்னார்: "விசாரிச்சனான். நீங்கள் போய்த் திரும்பி வந்து நேரிலை நிண்டால், பழைய பிணையையும் கழிச்சுவிடுறதைப் பாப்பினமாம். பிறகு நான் பூவரசங்குளம் போகலாம். பொடியனுக்கு இப்ப பல்லு விழுற வயது. எல்லாப் பல்லும் விழ முந்திப் பாக்க வேணும்."

அவர் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தெரிகிற கண் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்றே மற்றப் பக்கத்தில் இருந்து சொன்னார்.

உன் குட்டி எழுத்துக்கு இதுதான் பதில். நான் திரும்பி வருவேன். இந்தப் பக்கத்தில் படிக்கிறவர்களும் அந்தப் பக்கத்தில் படிக்கிறவர்களும் குறித்துக்கொள்ளட்டும். துணைக்கு யாரையும் கேட்கவில்லை; துணைக்கு ஆள் கூட்டிப்போய் இன்னொரு கண்ணையும் இழக்க எனக்குக் கட்டாது. லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்து அழாதே. நல்ல நாட்டில் நல்லாயிருக்கிறாய், இருந்துகொள். உன் பிள்ளைகள் பங்கர் என்ற சொல்லைத் தெரியாமல் வளரட்டும். மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதாதே, அவருக்கு வாசிக்கப் பஞ்சி. 'மாமா, நீங்கள் நிண்டபடியால்தான் நான் போனனான்' என்று ஒரு வரி போதும். இத்தனை வருடத்தில் அந்த ஒரு வரி உன்னிடமிருந்து வரவில்லை.

புத்திமதி எழுதாத தகப்பன் இல்லை என்பதால் ஒன்று எழுதுகிறேன். உன்னைக் கட்டப்போகிற அந்தப் பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் மறை. சம்பளத்தை மறை, வழுக்கையை மறை. கடைக்குப் போகிறேன் என்று சொன்னால் கடைக்கு மட்டும் போ. வேறெங்காவது போவதென்றால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அழுவாள், பிடிப்பாள், சட்டையைக் கிழிப்பாள். கிழிந்த சட்டையோடு போ. வாசலில் காதை வைத்துக்கொண்டு ஒருத்தர் பசியோடு காத்திருக்க விடாதே. காய்ந்த கண்ணுக்குச் சொட்டுமருந்து இருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு ஒன்றும் இல்லை.

கண்ணை எடுத்து, காயம் ஆறி, வரும் வழியில் வவுனியாவில் இறங்கி ஒரு இறாத்தல் பாண் வாங்குவேன். இரண்டு பக்கத்திலும் அதைப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். இங்கே வந்து சேரும்போது கல்லாகியிருக்கும். மாமா படலையில் நின்று ஒழுங்கையைப் பார்ப்பார். இந்த முறை எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அவருக்கு ஒன்றுமிருக்காது. தேத்தண்ணியில் தோய்த்து மூன்று பேரும் சாப்பிடுவோம். அம்மா சம்பல் இடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து பாண் வாங்கப் போன ஒருவனாவது பாணோடு திரும்பி வர வேண்டும்.

உன்
அப்பா